நீண்ட கூந்தலும் பிரசவ அறையும்: கேள்வி பதில்

சிங்கப்பூரில் பல ஆண்டுகள் பிரசவ அறைத் தாதியாகப் பணியாற்றியவள் என்ற முறையில், கர்ப்பிணிகளும் அவர்களுடைய குடும்பத்தினரும் கூந்தலைப் பற்றிக் கேட்ட கேள்விகளுக்கு இங்கே பதில் எழுதுகிறேன். மருத்துவமனைப் பையில் குழந்தைத் துணி முதல் கைபேசி சார்ஜர் வரை எல்லாவற்றையும் நினைவாக எடுத்துவைப்பவர்கள்கூட இடுப்புவரை தொங்கும் தங்கள் முடியைப் பற்றி முன்கூட்டி யோசிப்பதில்லை. வலி முற்றிய பிறகுதான் அது தொல்லையாகத் தெரிகிறது. அந்த நேரத்தில் அதைச் சீவிப் பின்னிக்கொள்ளும் நிலையில் யாரும் இருப்பதில்லை.

செங்காங்கிலிருந்து: அக்கா, எனக்கு இடுப்புக்குக் கீழ் வரை அடர்த்தியான முடி. இது முதல் பிரசவம். வீட்டில் எப்போதும் கொண்டைதான் போட்டிருப்பேன். மருத்துவமனைக்கும் அப்படியே போகலாமா?

கொண்டை வேண்டாம். முதல் பிரசவத்தில் வலி தொடங்கிக் குழந்தை பிறக்க 12 மணி நேரத்துக்கு மேல் ஆவது சாதாரணம். அதில் பெரும்பகுதியை நீங்கள் தலையணையில் சாய்ந்தோ ஒருக்களித்துப் படுத்தோ கழிப்பீர்கள். பின்மண்டையில் பெரிய கொண்டை இருந்தால் தலை சரியாகத் தலையணையில் படியாது. கழுத்து முன்னால் வளைந்தே இருக்கும், சிறிது நேரத்தில் கழுத்துத் தசைகள் இறுகித் தலைவலி வந்துவிடும். ஒற்றைப் பின்னலும் எனக்கு அவ்வளவாகப் பிடிக்காது. அது முதுகுக்கு அடியில் போய் மாட்டிக்கொள்ளும், வலி வந்து சட்டென்று எழுந்து உட்காரும்போது உச்சந்தலையில் சுரீரென்று இழுக்கும்.

நான் எல்லோருக்கும் சொல்வது இரட்டைப் பின்னல்தான். நடுவகிடு எடுத்து, பள்ளிக்கூடத்துப் பிள்ளைகளைப் போல மேலிருந்து இறுக்கிப் பின்னாமல், காதுக்குச் சற்றுக் கீழே தொடங்குங்கள். பின்னல் தொடங்கும் இடத்தில் ஒரு விரல் நுழையும் அளவு தளர்வு இருக்க வேண்டும். இரண்டையும் தோளுக்கு முன்னால் கொண்டுவந்து, முக்கால் பாகம் வரை பின்னி, மிச்சத்தை மேலே மடித்துத் துணி சுற்றிய மென்மையான ரப்பர் பட்டையால் கட்டிவிட்டால் நீளம் பாதியாகக் குறையும். மல்லாந்தாலும், ஒருக்களித்தாலும், முழங்காலிட்டுக் குனிந்தாலும், பிரசவப் பந்தின்மேல் உட்கார்ந்து ஆடினாலும் அது எங்கும் சிக்காது. பிடரியும் முதுகும் திறந்திருக்கும், ஈரத்துணியை வைத்து ஒற்றியெடுக்கவும் வசதியாக இருக்கும். நெற்றியில் விழும் குட்டை முடிக்கு அகலமான துணிப்பட்டை ஒன்று போதும். வாந்தி வரும் நேரத்தில் அதன் அருமை தெரியும்.

வலி விட்டுவிட்டு வரத் தொடங்கி, இடையில் பேசிச் சிரிக்க முடிகிற கட்டத்திலேயே பின்னிக்கொள்ளுங்கள். பனிக்குடம் உடைந்துவிட்டால் மட்டும் முடிக்காகக் காத்திருக்க வேண்டாம், உடனே கிளம்பிவிடுங்கள். டாக்சியில் உட்கார்ந்துகூட உங்கள் அம்மாவோ தங்கையோ பின்னிவிடலாம்.

ஈசூனிலிருந்து: பிரசவ வலி தெரியாமலிருக்க முதுகில் போடும் எபிடூரல் ஊசியைப் போட்டுக்கொள்ள முடிவு செய்திருக்கிறேன். அதற்கு முடி இடைஞ்சலாக இருக்குமா?

இருக்கும், முன்னரே தயாராக இல்லாவிட்டால். எபிடூரல் போடும்போது கட்டிலின் ஓரத்தில் உட்கார்ந்து, தலையணையைக் கட்டிக்கொண்டு, தாடை நெஞ்சில் படும்படி முதுகை வளைக்கச் சொல்வார்கள். சில சமயம் ஒருக்களித்துப் படுக்கவைத்தும் போடுவதுண்டு. மயக்க மருத்துவர் இடுப்புப் பகுதியைக் கிருமிநாசினியால் துடைத்து, கிருமி நீக்கிய விரிப்பை ஒட்டி, அதன் நடுவில் வேலை செய்வார். அந்த இடத்தில் ஒரு முடிக்கற்றை விழுந்தாலும் சுத்தம் கெட்டுவிட்டதாகத்தான் கொள்ள வேண்டும். மறுபடி துடைத்து, மறுபடி விரிப்பு மாற்றி, நீங்கள் மறுபடி வலியோடு அசையாமல் குனிந்திருக்க நேரிடும். தோளுக்கு முன்னால் கிடக்கும் இரட்டைப் பின்னல் இந்தக் கவலையை அறவே நீக்கிவிடுகிறது. பின்னலின் நுனிகளை மேலங்கியின் கழுத்துக்குள் விட்டுக்கொண்டு, மேலே தொப்பியும் போட்டுக்கொள்ளுங்கள். எபிடூரலின் மெல்லிய குழாயை முதுகு நெடுக ஒட்டுப்பட்டையால் ஒட்டித் தோள் வரை கொண்டுவருவார்கள் என்பதால், பிறகும் முடி பின்பக்கம் தொங்காமல் பார்த்துக்கொள்ள வேண்டும். ஒட்டில் மாட்டிய முடியைப் பிரித்தெடுப்பது வலிக்கும்.

இன்னொன்று: எபிடூரல் போட்ட அடுத்த சில நாள்களில், உட்கார்ந்தால் கடுமையாகவும் படுத்தால் குறைந்தும் தலைவலி வந்தால், இறுக்கிப் பின்னியதால் வந்தது என்று நீங்களாகவே முடிவு செய்யாதீர்கள். அது ஊசியின் பின்விளைவாக இருக்கக்கூடும். மருத்துவரிடம் அன்றே சொல்லுங்கள்.

உட்லண்ட்ஸிலிருந்து: ஊரிலிருந்து வந்திருக்கும் அம்மா, வலி எடுத்ததும் தலை நிறைய நல்லெண்ணெய் வைத்து, தேக்காவில் மல்லிகை வாங்கிச் சூட்டி அனுப்ப வேண்டும் என்கிறார். மறுக்க மனம் வரவில்லை.

அம்மாவின் ஆசையை இரண்டு நாள் முன்னே தள்ளிவையுங்கள். மகப்பேறு நாள் நெருங்கியதும் எண்ணெய் தேய்த்துத் தலைக்குக் குளித்து, நன்றாகக் காயவைத்து, சிக்கெடுத்து வைத்துக்கொள்ளலாம். நாள் தள்ளிப்போனால் இரண்டு, மூன்று நாள்களுக்கு ஒருமுறை அப்படியே செய்யலாம். வலி வந்த பிறகு நுனி முடிக்கு மட்டும் சில சொட்டுத் தேங்காய் எண்ணெய் தடவினால் போதும், சிக்கு விழாது. தலை நிறைய எண்ணெய் வைத்தால் வியர்வையோடு கலந்து நெற்றியில் வழியும், கண் எரியும், முகத்தில் வைக்கும் வலி நிவாரண வாயு முகமூடியும் வழுக்கும்.

பூவைப் பொறுத்தவரை நான் சற்றுக் கண்டிப்பானவள். வளைகாப்பில் மணத்த அதே மல்லிகை, வலியின் உச்சத்தில் பலருக்குக் குமட்டலைத் தந்ததைப் பார்த்திருக்கிறேன். கதவு மூடிய குளிர்சாதன அறையில் அந்த மணம் வெளியேறவும் வழியில்லை. நசுங்கிய இதழ்கள் விரிப்பெல்லாம் ஒட்டும். குழந்தை பிறந்து, முகம் கழுவித் தலை வாரிய பிறகு அம்மா தன் கையாலேயே சூட்டிவிடட்டும். பக்கத்துக் கட்டிலில் இருப்பவருக்குத் தொந்தரவில்லையா என்று மட்டும் ஒரு வார்த்தை கேட்டுக்கொள்ளுங்கள்.

தெம்பனிஸிலிருந்து: எனக்குத் தேதி குறித்த சிசேரியன். முடியை என்ன செய்வது?

முந்தின நாள் தலைக்குக் குளித்துவிடுங்கள். ஸ்பிரே, ஜெல், எண்ணெய் எதுவும் வேண்டாம். கொண்டை ஊசி, கிளிப், உலோகம் வைத்த ரப்பர் பட்டை எல்லாவற்றையும் வீட்டிலேயே கழற்றி வையுங்கள். அறுவை அறையில் இரத்தக்கசிவை நிறுத்த மின்சாரக் கருவி பயன்படுத்துகிறார்கள், ஆகவே உடம்பில் உலோகம் இருக்கக் கூடாது. அதோடு, அசையாமல் படுத்திருக்கும் நேரத்தில் ஊசி தலையில் அழுந்திப் புண்ணாகவும் கூடும். சவுரி வைத்துப் பின்னும் பழக்கம் இருந்தால் அதையும் எடுத்துவிட வேண்டும். பெரும்பாலான சிசேரியன்கள் முதுகில் ஊசி போட்டே நடக்கின்றன. ஆனாலும் திடீரென்று முழு மயக்கம் கொடுக்கும் தேவை வந்தால், மூச்சுக்குழாய் செருகுவதற்குத் தலையைச் சரியான கோணத்தில் வைத்தாக வேண்டும். பின்மண்டைக் கொண்டை அதற்குத் தடையாக நிற்கும். இங்கும் இரட்டைப் பின்னல்தான். அவர்கள் தரும் தொப்பிக்குள் இரண்டையும் உச்சியில் மடித்து வைத்தால் எவ்வளவு நீண்ட முடியும் அடங்கும். ஒரு தொப்பி போதாவிட்டால் இரண்டு கேளுங்கள், தருவார்கள்.

பிடோக்கிலிருந்து: நான் இந்திய முஸ்லிம் பெண். பிரசவத்தின்போதும் தலையை மூடியிருக்க விரும்புகிறேன்.

தாராளமாக முடியும். குண்டூசி குத்தும் முக்காட்டுக்குப் பதிலாக, தலையோடு ஒட்டி நிற்கும் மெல்லிய பருத்தி உள்தொப்பி இரண்டு, மூன்று துவைத்து எடுத்துவையுங்கள். வியர்த்தால் மாற்றிக்கொள்ளலாம். உள்ளே முடியை மேலே சொன்னபடி பின்னியிருங்கள். அறுவை அறைக்குப் போக நேர்ந்தால் என்ன அணியலாம் என்பதை மகப்பேற்றுப் பரிசோதனைக்குப் போகும்போதே கேட்டுவைத்துக்கொள்ளுங்கள். இந்த ஊர்த் தாதிகளுக்கு இது புதிய கேள்வி இல்லை.

தோ பாயோவிலிருந்து: என் பாட்டி 1966ஆம் ஆண்டு கண்டாங் கெர்பாவ் மருத்துவமனையில் என் அம்மாவைப் பெற்றவர். வலி வந்தால் கூந்தலை அவிழ்த்துவிட வேண்டும், முடிச்சு இருந்தால் பிரசவம் தடைப்படும் என்கிறார். இதில் ஏதேனும் உண்மை உண்டா?

கர்ப்பப்பை திறப்பதற்கும் தலைமுடியின் முடிச்சுக்கும் தொடர்பு இல்லை. ஆனால் இந்த நம்பிக்கை மிகப் பழையது. பண்டைய ரோமாபுரியில் பேறுகாலத் தெய்வமான யூனோ லூசினாவை வேண்டிக்கொள்ளும் கர்ப்பிணிகளும் கூந்தலை அவிழ்த்துவிட்டே வேண்டினார்கள். அச்சம் நிறைந்த ஒரு வேளையில், எதுவும் கட்டுண்டு கிடக்கக் கூடாது என்று பெண்கள் எங்கெங்கும் நினைத்திருக்கிறார்கள். உங்கள் பாட்டி குறிப்பிடும் 1966இல் அந்த ஒரே மருத்துவமனையில் 39,835 குழந்தைகள் பிறந்தன. உலகில் வேறெந்த மகப்பேறு மருத்துவமனையிலும் அப்போது அத்தனை பிரசவம் நடக்கவில்லை. அந்த நெரிசலில் ஒவ்வொருத்தியின் கூந்தலையும் பார்த்துப் பார்த்துச் செய்யத் தாதிகளுக்கு நேரம் இருந்திருக்காது. பாட்டியின் பேச்சைத் தள்ளாமல் இருக்க ஒரு வழி உண்டு: வலி தொடங்கியதும் அவரையே உங்கள் கூந்தலை முழுவதும் அவிழ்த்து, விரலால் கோதி, சீவிவிடச் சொல்லுங்கள். அது உண்மையிலேயே உடம்பைத் தளர்த்தும். அதன்பின் தளர்வாகப் பின்னிக்கொள்ளுங்கள்.

ஜூரோங்கிலிருந்து ஒரு கணவர்: மனைவியுடன் பிரசவ அறையில் இருக்கப்போகிறேன். நான் செய்யக்கூடியது என்ன?

இந்தக் கேள்வியைக் கேட்டதே எனக்கு மகிழ்ச்சி. இப்போதிருந்தே இரவில் அவருக்குப் பின்னிவிட்டுப் பழகுங்கள், கை பழகாமல் அன்று வராது. உங்கள் மணிக்கட்டில் இரண்டு ரப்பர் பட்டைகளை மாட்டிக்கொள்ளுங்கள். அகலப் பல் சீப்பு ஒன்று பைக்குள் இருக்கட்டும். அவர் ஷவரின் கீழ் நின்று இடுப்பில் வெந்நீர் விட்டுக்கொள்ள விரும்பினால், முடி நனையாமல் குளியல் தொப்பி போட்டுவிடுங்கள், நனைந்த நீண்ட முடி குளிர்சாதன அறையில் மணிக்கணக்கில் காயாது. கர்ப்பப்பை வாய் முழுவதும், அதாவது 10 சென்டிமீட்டர் அளவுக்கு, திறப்பதை நெருங்கும் கட்டத்தில் பல பெண்களுக்குத் தலையைத் தொட்டாலே பொறுக்காது. அவர் கையைத் தட்டிவிட்டால் விலகி நில்லுங்கள், மனத்தில் வைத்துக்கொள்ளாதீர்கள்.

பொங்கோலிலிருந்து: பேசாமல் வெட்டிவிடலாமா?

உங்களுக்கே ஆசையாக இருந்தால் வெட்டுங்கள். பிரசவத்துக்காக வெட்ட வேண்டிய அவசியம் இல்லை. கட்ட வராத அரைகுறை நீளம், நீண்ட முடியைவிடத் தொல்லை.

அங் மோ கியோவிலிருந்து: குழந்தை பிறந்த பிறகு எப்போது தலைக்குக் குளிக்கலாம்? சீனத் தோழியின் வீட்டில் ஒரு மாதம் தலையே நனைக்கக் கூடாதாம். என் மாமியாரோ உடனே குளித்துச் சாம்பிராணி போட வேண்டும் என்கிறார். என் முடி ஏற்கெனவே சடை பிடித்துவிட்டது.

சுகப்பிரசவமானால், எழுந்து நடக்கத் தெம்பு வந்ததும் குளிக்கலாம். மருத்துவத்தில் இதற்குத் தடை ஏதும் இல்லை. நம் ஊர் வெக்கையில் ஒரு மாதம் தலை நனைக்காமல் இருப்பது பெரிய வேதனை, தலைச்சருமத்துக்கும் நல்லதல்ல. முதல் குளியலில் மயக்கம் வரக்கூடும் என்பதால் குளியலறையைத் தாழிடாதீர்கள், ஒருவர் அருகில் இருக்கட்டும். சிசேரியன் ஆனவர்கள், காயத்தின் மேல் உள்ள கட்டு நீர் புகாததா என்று கேட்டுக்கொண்டு, பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்தபடி பிறர் கையால் அலசிக்கொள்வது மேல். கைகளைத் தூக்கிக் குனிந்து நிமிர்வது தையலை இழுக்கும்.

சடை பிடித்த முடியைக் குளிக்கும் முன்பே பிரித்துவிடுங்கள், உலர்ந்த சடையை அப்படியே நனைத்தால் இன்னும் இறுகும். தேங்காய் எண்ணெயையோ கண்டிஷனரையோ தாராளமாகத் தடவி, கால் மணி நேரம் விட்டு, முதலில் விரல்களால் சடையைச் சிறுசிறு பிரிகளாகப் பிளந்து, பிறகு நுனியிலிருந்து மேல்நோக்கிக் கொஞ்சம் கொஞ்சமாக அகலப் பல் சீப்பால் சீவ வேண்டும். வேருக்கு மேலே ஒரு கையால் பிடித்துக்கொண்டால் வலிக்காது. ஒரே அமர்வில் முடியாவிட்டால் மறுநாள் தொடருங்கள். கத்தரிக்கோலை எடுக்க வேண்டாம்.

சாம்பிராணிப் புகை வேண்டாம் என்பேன். வீவக (வீடமைப்பு வளர்ச்சிக் கழக) அடுக்குமாடி வீட்டின் படுக்கையறையில் அந்தப் புகை பச்சைக் குழந்தையின் மூச்சுக்குள் போகும். மின்விசிறியும், குளிர்ந்த காற்றில் வைத்த முடி உலர்த்தியும் போதும்.

புக்கிட் பாத்தோக்கிலிருந்து: குழந்தைக்கு நான்கு மாதம். கைப்பிடி கைப்பிடியாக முடி கொட்டுகிறது. பயமாக இருக்கிறது.

கர்ப்ப காலத்தில் ஈஸ்ட்ரோஜன் மிகுந்திருப்பதால் உதிர வேண்டிய முடியும் உதிராமல் நின்றுவிடுகிறது. பிரசவத்துக்குப் பின் அந்தச் சுரப்பு குறைந்ததும், இரண்டிலிருந்து நான்கு மாதங்களுக்குள் அவையெல்லாம் ஒன்றாக உதிரத் தொடங்கும். நான்காவது மாதத்தில் அதிகமாகத் தெரிவது வழக்கம். குழந்தையின் முதல் பிறந்தநாளுக்குள் பெரும்பாலோருக்குப் பழைய அடர்த்தி திரும்பிவிடும். அதற்குப் பிறகும் நிற்காவிட்டால் இரும்புச்சத்தும் தைராய்டும் பரிசோதித்துப் பாருங்கள்.

உங்கள் தலையைவிடக் குழந்தையின் விரல்களைத்தான் இப்போது அதிகம் கவனிக்க வேண்டும். உதிர்ந்த நீண்ட முடி ஒன்று காலுறைக்குள்ளோ கையுறைக்குள்ளோ கிடந்து, குழந்தையின் விரலைச் சுற்றிக்கொண்டு, இரத்த ஓட்டம் நிற்கும் அளவுக்கு இறுகிவிடுவது உண்டு. ஆண் குழந்தைகளுக்குக் குறியிலும் இப்படிச் சுற்றியிருக்கிறது. குழந்தையின் துணிகளைத் தனியாகத் துவையுங்கள், காலுறையை உட்புறம் வெளியே திருப்பி உதறிவிட்டுப் போடுங்கள், டயப்பர் மாற்றும்போதெல்லாம் கை, கால் விரல்களையும் ஒருமுறை விரித்துப் பாருங்கள், தூக்கும்போது முடியைக் கட்டிக்கொள்ளுங்கள். காரணம் தெரியாமல் குழந்தை விடாமல் அழுது, விரல் ஒன்று வீங்கிச் சிவந்தோ நீலம் பாரித்தோ, நடுவில் கயிறு கட்டியதுபோல ஒரு கோடு தெரிந்தால், முடியை எளிதில் பிரிக்க முடியாதபோது தோண்டிக்கொண்டு நேரத்தைப் போக்காதீர்கள். முடி சதைக்குள் புதைந்து கண்ணுக்குத் தெரியாமலும் இருக்கும். பிரித்தெடுத்த பின்னும் நிறம் திரும்பாவிட்டாலும் அதே அவசரம்தான். கேகே மகளிர், சிறுவர் மருத்துவமனையின் சிறுவர் அவசரப் பிரிவு 24 மணி நேரமும் திறந்திருக்கிறது. நள்ளிரவானாலும் விடியட்டும் என்று காத்திராமல் குழந்தையைத் தூக்கிக்கொண்டு போய்விடுங்கள்.