எந்த ஃப்ரேமிலும் உட்காரும் ஹப் என்று எதுவும் கிடையாது

கேள்வி: பழைய ஸ்டீல் ஃப்ரேம் சைக்கிள் ஒன்றை நெடும்பயணத்துக்குத் தயார் செய்கிறேன். ரிம் பிரேக். ஸ்போக்குக்கு 36 துளை உள்ள ரிம் வாங்கிவிட்டேன், பின்சக்கரத்தை நானே கோர்க்க ஆசை. மூட்டையோடு சேர்த்து என் எடை 100 கிலோவைத் தாண்டும். விற்பனையாளர் ஒருவர் 28 துளை சீல்டு பேரிங் (மூடிய பேரிங்) ஹப்பை, அதாவது சக்கரத்தின் நடுக்குடத்தைக் காட்டி, "எந்த ஃப்ரேமிலும் உட்காரும், பராமரிப்பே வேண்டாம்" என்கிறார். வாங்கலாமா?

பதில்: வேண்டாம். ரிம்மில் 36 துளை என்றால் ஹப்பிலும் 36 துளைதான். உங்கள் சுமைக்கு 36 நல்ல எண்ணிக்கை, அதைக் குறைக்க எந்தக் காரணமும் இல்லை. ரிம்மில் எத்தனை துளை என்று கேட்காமலே ஹப்பை எடுத்து நீட்டுகிறவரிடம் ஒரு நிப்பிள்கூட (ஸ்போக்கை ரிம்மில் பூட்டும் சின்ன நட்டு) வாங்காதீர்கள்.

அடுத்து, அளவு. பின்சக்கரத்தைக் கழற்றிவிட்டு, அச்சு உட்காரும் இரண்டு காதுகளுக்கும் நடுவே உள்ள உள் இடைவெளியை அளந்து பாருங்கள். பழைய ஐந்து கியர் ஃப்ரேம் என்றால் 120 மி.மீ., ஆறு, ஏழு கியர் என்றால் 126, எட்டு கியருக்குப் பிறகு வந்த ரோடு சைக்கிள் என்றால் 130, மலை சைக்கிள் என்றால் 135 வரும். ஹப்பின் வெளி லாக்நட்டுகளுக்கு (அச்சின் இரு பக்கமும் ஃப்ரேமைத் தொடும் நட்டுகள்) இடையிலான தூரமும் இதுவாக இருக்க வேண்டும். "எந்த ஃப்ரேமிலும்" என்ற பேச்சு இங்கேயே அடிபட்டுப்போகிறது. அவர் நம்பியிருப்பது வாஷர்களையும் அடாப்டர்களையும்தான். சுமையோடு போகிற பின்சக்கரத்தில் அவற்றை நம்பக் கூடாது.

இந்தக் குழப்பத்துக்கு விற்பனையாளர் மட்டும் காரணமில்லை. டிஸ்க் பிரேக் சைக்கிள்களில் 135 போய் 142 வந்தது, பிறகு 148 வந்தது, நடுவில் 141 என்று ஒன்றையும் நுழைத்தார்கள். 142 என்பது பழைய 135 ஹப்பின் இரு முனைகளிலும் 3.5 மி.மீ. நீட்டியதுதான். ஸ்போக் மாட்டும் விளிம்புகள் இருந்த இடத்திலேயே இருக்கின்றன, அதனால் சக்கரத்துக்குக் கூடுதல் வலு எதுவும் இல்லை. இதற்காக எத்தனை பேர் நல்ல சக்கரங்களை ஓரங்கட்டினார்கள் என்று நினைத்தால் எனக்கு ஆற்றாமையாக இருக்கிறது.

உங்கள் ஃப்ரேம் 126 ஆக இருக்க வாய்ப்பு அதிகம். அதற்குப் பொருத்தமாக மரையில் ஃப்ரீவீல் (பின் பற்சக்கரங்களும் அவற்றைத் தனியே சுழலவிடும் பகுதியும் ஒன்றாக உள்ள தொகுதி) முறுக்கும் ஹப்பைத் தள்ளிவிடப் பார்ப்பார்கள். உங்கள் சுமைக்கு அது ஆகாது. அதில் வலப்பக்க பேரிங் ஃப்ரீவீலுக்கு உள்ளே தள்ளி இருக்கும், அதைத் தாண்டி நீளும் அச்சுக்குத் தாங்கல் இல்லை. அதனால் அச்சு வளையும், ஒருநாள் ஒடியும். கேசட் (பற்சக்கரங்கள் மட்டும் உள்ள தொகுதி) மாட்டும் ஃப்ரீஹப்பில், அதாவது தனியே சுழலவிடும் பகுதி ஹப்பிலேயே உள்ள வகையில், பேரிங் கிட்டத்தட்ட ஃப்ரேமின் காதருகே இருக்கும். ஷிமானோ 1978-லேயே கொண்டுவந்த ஏற்பாடு இது. ஆனால் புதிய ஃப்ரீஹப் 130-இல்தான் எளிதாகக் கிடைக்கும்.

130 ஹப்பை 126 ஃப்ரேமில் போடலாமா? ஸ்டீல் என்றால் போடலாம். பக்கத்துக்கு 2 மி.மீ.தான், கையால் விரித்தே சக்கரத்தை உள்ளே நுழைத்துவிடலாம். அலுமினியத்திலும் கார்பனிலும் இதை நினைக்கவே வேண்டாம், விரிசல் விடும். ஸ்டீலிலும் "135-க்கே விரித்துத் தருகிறேன்" என்று எவராவது சொன்னால் அவசரப்பட வேண்டாம். பக்கத்துக்கு 4.5 மி.மீ. என்றால் ஃப்ரேமை நிரந்தரமாக வளைக்க வேண்டும். அதற்குப் பிறகு இரண்டு காதுகளையும் ஒன்றுக்கொன்று இணையாக நிமிர்த்தவும் வேண்டும். பலர் முதல் வேலையைச் செய்து காசு வாங்கிக்கொண்டு இரண்டாவதை விட்டுவிடுகிறார்கள். காதுகள் கோணலாக இருந்தால் எவ்வளவு நல்ல ஹப்பிலும் அச்சு வளையும். வேலை முடிந்ததும் நீங்களே சோதிக்கலாம்: ஒரு காதில் நூலைக் கட்டி, முன்பக்க ஹெட் டியூபைச் சுற்றி மறு காதுக்கு இழுத்துக் கட்டுங்கள். நூலுக்கும் சீட் டியூபுக்கும் உள்ள தூரம் இருபுறமும் ஒன்றாக இருந்தால் ஃப்ரேம் ஒரு பக்கமாகச் சாயவில்லை என்று அர்த்தம். காதுகளை நிமிர்த்த தனிக் கருவி உண்டு, அது இருக்கும் இடத்துக்குத்தான் போக வேண்டும். 130-உடன் நிறுத்திக்கொண்டால் இந்தத் தொல்லை பெரும்பாலும் இல்லை.

சரி, பேரிங். சீல்டு பேரிங் ஹப் நல்லதுதான், ஆனால் பராமரிப்பு வேண்டாம் என்பது பொய். பேரிங் தேயும், மாற்ற வேண்டிவரும். அதன் எண் என்ன என்று கேளுங்கள். 6001, 6902 போன்ற பொது எண் என்றால் எந்த பேரிங் கடையிலும் கிடைக்கும். எண்ணைச் சொல்லத் தயங்கினால் அந்த ஹப் வேண்டாம். ஃப்ரீஹப் பாடி (கேசட் உட்காரும் பகுதி) தனியாகக் கிடைக்குமா என்பதையும் முன்பே கேட்டுவிடுங்கள். கோன் (அச்சில் திருகும் கூம்பு), பால்ஸ் போட்ட ஹப்பும் மோசமில்லை. கோனை மாற்றலாம், ஆனால் ஹப்போடு சேர்ந்த கப்பில் குழி விழுந்தால் ஹப்பே போச்சு. அதில் குயிக் ரிலீஸ் (லீவரால் சக்கரத்தை இறுக்கும் அமைப்பு) இருந்தால் துளி ஆட்டம் விட்டுத்தான் கோனைப் பூட்ட வேண்டும், லீவரை இறுக்கும்போது அந்த ஆட்டம் போய்விடும்.

எடையையும் கிளிக் சத்தத்தையும் விட்டுவிட்டு, தயாரிப்பாளரின் வரைபடத்தில் வலப்பக்க விளிம்பு ஹப்பின் நடுவிலிருந்து எவ்வளவு தள்ளியிருக்கிறது என்று பாருங்கள். கேசட்டுக்கு இடம்விட்டு அது உள்ளே ஒதுங்கியிருக்கும். 130 ஹப்பில் இடப்பக்கத் தூரத்தில் ஏறக்குறைய பாதிதான் இருக்கும். அதே விகிதத்தில் இடப்பக்க ஸ்போக்குகளின் இறுக்கமும் பாதியாகும். தளர்ந்து இறுகி, தளர்ந்து இறுகியே அவை ஒடிகின்றன. வலத் தூரம் அதிகமுள்ள ஹப்பைத் தேர்ந்தெடுங்கள். இடப்பக்கத்துக்கு நடுவில் மெலிந்த 2.0/1.8 ஸ்போக் போட்டால் அவ்வளவு சுலபமாகத் தளராது.

ஹப் கைக்கு வரும்முன் ஸ்போக் வாங்க வேண்டாம். "செட்டாகத் தருகிறேன்" என்பவர்கள் கடையில் தேங்கிய நீளத்தைத் தலையில் கட்டுவார்கள். ரிம் பெட்டியில் அச்சடித்த விட்டத்தையும் நம்பாமல், இரண்டு பழைய ஸ்போக்குகளை நிப்பிளோடு எதிரெதிர்த் துளைகளில் மாட்டி நீங்களே அளந்துவிடுங்கள். ஹப்பை அளந்த பிறகு, மூன்று குறுக்கு கோர்வைக்கு (ஒவ்வொரு ஸ்போக்கும் அதே பக்கத்தின் மூன்று ஸ்போக்குகளைக் கடக்கும் முறை) நீளத்தைக் கணக்குப் போடுங்கள். இடத்துக்கும் வலத்துக்கும் வேறு வேறு நீளம் வரும். இரண்டையும் தனித்தனியாகக் கேட்டு வாங்குங்கள்.