ஜெர்மனி வேலை: நிலத்தை அடமானம் வைக்கும் முன்

ஐயா, நேற்று போனில் உங்கள் பதற்றம் நன்றாகவே தெரிந்தது. தம்பி மெக்கானிக்கல் முடித்து இரண்டு வருடமாகக் கோவையில் வேலை பார்க்கிறார். ஆறு லட்சம் கொடுத்தால் ஜெர்மனியில் வேலை உறுதி என்கிறார் ஏஜென்ட். அதற்காக நிலத்தை அடமானம் வைக்கலாமா என்று கேட்டீர்கள். தயவுசெய்து வைக்காதீர்கள்.

ஜெர்மனிக்கு ஆள் தேவை என்பது உண்மைதான். இந்தியத் திறன் பணியாளர்களுக்கான விசாவை ஆண்டுக்கு 20,000-லிருந்து 90,000 ஆக உயர்த்துவதாக 2024 அக்டோபரில் அறிவித்தார்கள். ஆனால் ஏஜென்ட் காட்டும் ‘சான்சன்கார்ட்டே’ வேலை விசா இல்லை. 2024 ஜூன் 1 முதல் நடைமுறையில் இருக்கும் அது, அங்கே போய் வேலை தேடிக்கொள்ள ஒரு வருட அனுமதி மட்டுமே. அதுவரை வாரம் 20 மணி நேரம் பகுதிநேர வேலை செய்யலாம். செலவுக்கு மாதம் 1,091 யூரோ என்று வருடத்துக்கு 13,092 யூரோ கையில் இருப்பதைக் காட்ட வேண்டும். பெரும்பாலும் ‘பிளாக்டு அக்கவுன்ட்’டில், அதாவது மாதம் குறிப்பிட்ட தொகை மட்டுமே எடுக்க முடிகிற வங்கிக் கணக்கில் போடும் இந்தப் பணம் கட்டணம் இல்லை, தம்பி அங்கே போனதும் மாதாமாதம் அவர் கைக்கே வரும். ஏஜென்ட் இதையும் ‘ஃபீஸ்’ என்று சொன்னால் அங்கேயே பேச்சை நிறுத்திவிடுங்கள். வெளிநாட்டு வேலைக்கு ஆள் அனுப்புவோரைப் பதிவு செய்யும் இந்திய அரசின் ‘இமைகிரேட்’ தளத்தில் பதிவான ஏஜென்ட்கூட சேவைக்கு 30,000 ரூபாயும் ஜிஎஸ்டியும்தான் வாங்கலாம்.

தம்பிக்கு நான் சொல்வது புளூ கார்டு, அதாவது பட்டதாரிகளுக்கான வேலை அனுமதி. இங்கிருந்தபடியே விண்ணப்பித்து, வேலை கிடைத்த பிறகு விமானம் ஏறும் வழி அது. பொறியாளர் வேலை அங்கே ஆள் பற்றாக்குறைப் பட்டியலில் இருப்பதால், 2026 கணக்கில் ஆண்டுச் சம்பளம் 45,934 யூரோ 20 சென்ட் இருந்தாலே போதும். மற்ற துறைகளுக்கு 50,700.

அதற்கு முன், வெளிநாட்டுப் படிப்புகளை ஜெர்மனி எப்படி மதிப்பிடுகிறது என்று காட்டும் ‘அனாபின்’ என்ற இலவசத் தளத்தில் அவருடைய பல்கலைக்கழகத்துக்கு எதிரே ‘ஹெச் பிளஸ்’ (அங்கீகாரம் உண்டு) என்று இருக்கிறதா, டிகிரியும் இணையானதாகக் காட்டுகிறதா என்று பார்க்க வேண்டும். இரண்டும் சரியென்றால் பாதிக் கவலை தீர்ந்தது. சான்சன்கார்ட்டேக்கே போனாலும் புள்ளிக் கணக்கு தேவைப்படாது. இல்லையென்றால் 6 புள்ளி எடுக்க வேண்டும். வயது 35-க்குள் என்பதற்கு 2, இரண்டு வருட அனுபவத்துக்கு 2, பற்றாக்குறைத் துறைக்கு 1 என்று 5 வந்துவிடும். ஜெர்மன் மொழியில் பி1 (ஏ1, ஏ2-க்கு அடுத்த மூன்றாம் நிலை) முடித்தால் இன்னும் 2.

அதனால் ஆறு லட்சத்தில் ஒரு சிறு பங்கை மொழிக்குச் செலவிடுங்கள் ஐயா. ஐ.டி. கம்பெனியில் ஆங்கிலத்தை வைத்துச் சமாளிக்கலாம். மெக்கானிக்கலில் தொழிற்கூடத்துக்குள் பேச்சு ஜெர்மனில்தான். பி1 இருந்தால் புளூ கார்டில் 21 மாதத்திலேயே நிரந்தரக் குடியிருப்புக்கு விண்ணப்பிக்கலாம், வெறும் ஏ1 என்றால் 27 மாதம். வேலையை விட வேண்டாம். மாலை வகுப்பில் சேர்ந்து தினமும் உட்கார்ந்தால் ஒரு வருடத்துக்குள் பி1 எழுதிவிடலாம். தேர்வுக்குச் சென்னையில் ஜெர்மன் மொழி நிறுவனமான மேக்ஸ் முல்லர் பவன் இருக்கிறது.

ஏஜென்டிடம் இந்த வாரம் எதுவும் கொடுக்காதீர்கள், கையெழுத்தும் போடாதீர்கள். ஞாயிற்றுக்கிழமை தம்பியை டிகிரி சான்றிதழோடும் அனுபவக் கடிதத்தோடும் வரச் சொல்லுங்கள். அனாபினை நானே அவர் பக்கத்தில் உட்கார்ந்து பார்க்கிறேன்.