காதுகேளாதோர் ஆய்வு சோறு போடுமா?

அன்புள்ள அம்மாவுக்கு,

உங்கள் மகள் காதுகேளாதோர் ஆய்வு என்ற துறைக்குப் போக விரும்புவதைப் பற்றி, "புண்ணியமான வேலைதான், ஆனால் சோறு போடுமா?" என்று கேட்டு எழுதியிருக்கிறீர்கள். சோற்றைப் பற்றி விரிவாகவே சொல்கிறேன். புண்ணியத்தை மட்டும் தயவுசெய்து விட்டுவிடுங்கள். அண்ணன் காது கேளாதவர் என்பதால் மகள் தொண்டு செய்யக் கிளம்பிவிட்டாள் என்று நினைக்கிறீர்கள். அவள் கேட்பது ஓர் ஆய்வுத்துறை. காது கேளாதவர்களின் மொழி, பள்ளிகள், சங்கங்கள், வேலை, திருமணம், கூடிப் பழகும் விதம் எல்லாம் அதில் அடங்கும். செவித்திறனைச் சோதித்துக் கருவி பொருத்தும் படிப்பு வேறு. அதோடு இதைக் குழப்பிக்கொள்ள வேண்டாம்.

ஓர் எடுத்துக்காட்டு. மும்பை மின்சார ரயில்களில் மாற்றுத்திறனாளிகளுக்கென்று தனிப்பெட்டி உண்டு. வேலைக்குப் போகும் காது கேளாதவர்கள் அங்கே சந்தித்துச் செய்தி பகிர்ந்துகொள்வார்கள். அந்தப் பெட்டி ஒரு சமூகத்தின் சந்திப்பு இடமாக மாறியிருப்பதை அனெலிஸ் கஸ்டர்ஸ் ஆராய்ந்து எழுதினார். பெல்ஜியத்தைச் சேர்ந்த அவரும் காது கேளாதவர். இன்று எடின்பரோவின் ஹெரியட்-வாட் பல்கலைக்கழகத்தில் பேராசிரியர். நம் நாட்டவரான மதன் வசிஷ்டா சிறுவயதில் கேட்கும் திறனை இழந்தவர். 1967இல் காது கேளாதவர்களுக்கென்றே அமெரிக்காவில் இருக்கும் காலடெட் பல்கலைக்கழகத்துக்குப் படிக்கப் போனார். பின்னர் அமெரிக்க மொழியியலாளர் ஜேம்ஸ் வுட்வர்ட் முதலானோருடன் சேர்ந்து டெல்லி, பம்பாய், கல்கத்தா, பெங்களூர்-சென்னை வட்டாரச் சைகைகளைத் தொகுத்தார்.

அன்றாட வேலை இவ்வளவு சுவையாக இருக்காது. பெரும்பகுதி நேரம் கணினி முன்னால்தான் கழியும். சைகை மொழியைப் பேனாவால் குறித்துக்கொண்டே வர முடியாது. வீடியோ எடுத்து, ஈலான் என்ற இலவச மென்பொருளில் வலக்கை, இடக்கை, முகபாவம், பொருள் என்று அடுக்கடுக்காகக் குறிப்பு எழுத வேண்டும். ஒரு நிமிடப் பதிவுக்கு ஒரு மணி நேரத்துக்கு மேல் பிடிப்பது சாதாரணம். பேட்டி கொடுப்பவர் எழுத்துத் தமிழில் தடுமாறுகிறவராக இருந்தால், ஒப்புதல் படிவத்தை நீட்டிக் கையெழுத்து வாங்குவதில் அர்த்தமில்லை. சைகையிலேயே விளக்கி, ஒப்புதலையும் வீடியோவில் பதிய வேண்டும். பெயரை மறைக்கலாம், முகத்தை எப்படி மறைப்பது? முகபாவமே அந்த மொழியின் இலக்கணத்தில் பாதி. எல்லோரும் எல்லோரையும் அறிந்த சிறிய சமூகம் வேறு. ஒருவர் தன் பள்ளி ஆசிரியரைப் பற்றிச் சொன்ன கசப்பான கதையைக் கருத்தரங்கில் போட்டுக் காட்டலாமா என்று ஆய்வாளர் இரவெல்லாம் யோசிக்க வேண்டியிருக்கும். இவற்றுக்கு நடுவே வகுப்பு, விடைத்தாள், நிதி கேட்டு விண்ணப்பம், துறைக் கூட்டம்.

இப்போது வேலைக்கு வருவோம். இந்தியப் பல்கலைக்கழகங்களில் காதுகேளாதோர் ஆய்வு என்ற பெயரில் உதவிப் பேராசிரியர் பணியிடம் விளம்பரமாகும் என்று காத்திருக்கக் கூடாது. உதவிப் பேராசிரியர் தகுதிக்கான நெட் தேர்வின் பாடப் பட்டியலிலும் இப்படி ஒரு பாடம் இல்லை. 2009இல் இக்னோ திறந்தநிலைப் பல்கலைக்கழகத்தில் சைகை மொழிக்கென்று ஒரு பி.ஏ. படிப்பு தொடங்கினார்கள்; சில ஆண்டுகளிலேயே நின்றுபோனது. வெளிநாட்டில் எல்லாம் பத்திரம் என்றும் இல்லை. இங்கிலாந்தின் பிரிஸ்டல் பல்கலைக்கழகத்தில் 1978இல் தொடங்கிய காதுகேளாதோர் ஆய்வு மையம் உலகப் புகழ் பெற்றிருந்தும் மூடப்பட்டது. ஆகவே, வேலை தரப்போவது தாய்த்துறைதான். மொழியியல், மானுடவியல், சமூகவியல், கல்வியியல், சமூகப்பணி ஆகியவற்றில் ஒன்றில் முதுகலையும் முனைவர் பட்டமும் பெற வேண்டும். ஆய்வுப்பொருளாகக் காதுகேளாதோர் உலகத்தை எடுத்துக்கொள்ளலாம். பி.ஏ. ஆங்கிலம் படிக்கும் உங்கள் மகளுக்கு நான் மொழியியலைச் சொல்வேன். அண்ணாமலை, பாரதியார் பல்கலைக்கழகங்களிலும் ஹைதராபாத்தின் ஆங்கிலம் மற்றும் அயல்மொழிகள் பல்கலைக்கழகத்திலும் (இஃப்லு) அதற்குத் துறைகள் இருக்கின்றன.

எம்.ஏ.வுக்கு முன்பே ஒரு வேலை இருக்கிறது. அவளுக்கு இந்தியச் சைகை மொழி உண்மையில் தெரியுமா? அண்ணனோடு வீட்டுக்குள் பேசிப் பழகிய சைகைகளை வைத்துத் தெரியும் என்று நம்பும் தங்கைகள் பலரைப் பார்த்திருக்கிறேன். அண்ணனும் அவர் நண்பரும் இயல்பான வேகத்தில் பேசிக்கொள்ளும்போது அவளால் தொடர முடிகிறதா என்று பாருங்கள். முடியாவிட்டால் வெட்கப்பட ஒன்றுமில்லை, படிக்கலாம். டெல்லியில் 2015இல் தொடங்கிய இந்தியச் சைகை மொழி ஆய்வு மற்றும் பயிற்சி மையம் இரண்டு ஆண்டு மொழிபெயர்ப்பாளர் பட்டயப் படிப்பு நடத்துகிறது. கோவை ராமகிருஷ்ண மிஷன் விவேகானந்தா கல்வி ஆய்வு நிறுவனத்திலும் சைகை மொழிப் படிப்புகள் உண்டு. இரண்டு ஆண்டு வீண் என்று நினைக்காதீர்கள். ஆய்வு வாய்ப்பு தள்ளிப்போனாலும் மொழிபெயர்ப்பாளராகச் சம்பாதிக்கலாம். அதே டெல்லி மையத்தில் சைகை மொழி ஆசிரியர் பட்டயமும் இருக்கிறது. அது காது கேளாதவர்களுக்கு மட்டுமே. மகளுக்காகக் கேட்டு எழுதினீர்கள். உங்கள் மகனுக்கும் இதைச் சொல்லி வையுங்கள்.

பணக்கணக்கு இது. நெட் தேர்வில் ஜேஆர்எஃப் என்ற ஆய்வு உதவித்தொகை கிடைத்தால் முதல் 2 ஆண்டுகளுக்கு மாதம் 37,000 ரூபாய், பிறகு 42,000, வீட்டு வாடகைப்படி தனி. 2023 முதல் இதுதான் விகிதம். வயது வரம்பு 30. பெண்களுக்கு 5 ஆண்டு தளர்வு இருப்பதால் பட்டயப் படிப்பு அவளைப் பின்னுக்குத் தள்ளாது. ஜேஆர்எஃப் இல்லாமல் முனைவர் பட்டம் என்றால் வீட்டிலிருந்து பணம் போகும், அதை இப்போதே பேசி முடிவு செய்யுங்கள். அரசு, மத்தியப் பல்கலைக்கழகங்களில் உதவிப் பேராசிரியரின் தொடக்க அடிப்படை ஊதியம் 57,700 ரூபாய். தனியார் கல்லூரிகளில் அதில் பாதிகூடத் தராத இடங்கள் உண்டு. நிரந்தரப் பணி கிடைக்க முப்பதைத் தாண்டும் என்றே வைத்துக்கொள்ளுங்கள். இடையில் வருவது திட்டப் பணிகள். நிதி முடிந்தால் வேலையும் முடியும். மாப்பிள்ளை வீட்டாருக்கு இதை எப்படி விளக்குவது என்று கேட்டிருக்கிறீர்கள். அது என் துறை இல்லை அம்மா.

ஒரு சங்கடத்தையும் உங்கள் மகள் அறிந்திருக்க வேண்டும். கேட்கும் திறன் உள்ளவர்கள் வந்து, வீடியோ எடுத்து, பட்டம் வாங்கிக்கொண்டு போய்விடுகிறார்கள் என்ற மனக்குறை காது கேளாதவர்களிடம் உண்டு. நியாயமான குறை. ஒரே பணியிடத்துக்கு அவளும் சமத் தகுதியுள்ள காது கேளாத ஆய்வாளரும் போட்டியிட்டால், அவருக்கே கிடைக்க வேண்டும் என்று இத்துறையில் பலர் சொல்வார்கள். நானும் அப்படித்தான் சொல்வேன். கூட்டு ஆய்வில் இரண்டாவது பெயராக நிற்க அவளுக்கு மனம் வருமா என்று கேளுங்கள். வராது என்றால் மொழியியலிலேயே வேறு தலைப்புகள் ஏராளம்.

வெளிநாட்டு முதுகலைக்கு வீட்டை அடமானம் வைக்கும் யோசனையை இப்போதைக்குத் தள்ளி வையுங்கள். முனைவர் படிப்புக்கு ஊக்கத்தொகையோடு இடம் கிடைத்தால் போகட்டும். அதுவரை, இந்த விடுமுறையில் அண்ணனோடு காதுகேளாதோர் சங்கக் கூட்டங்களுக்குப் போய்வரட்டும். நீங்களும் கூடப் போகலாம்.