எடை எங்கே இறங்குகிறது? – வாசகர் கேள்விகள்

இம்முறை வந்த கடிதங்களில் பாதிக்கு மேல் மாய வித்தைக்காரர்கள் அந்தரத்தில் மிதப்பதைப் பற்றியவை. எல்லோருக்கும் என் பழைய பல்லவிதான்: எடை எங்கேயாவது இறங்கியாக வேண்டும். அதைத் தேடுங்கள்.

கே: மிதக்கும் பெண்ணைச் சுற்றி வளையத்தைக் கடத்திக் காட்டுகிறார்களே, பிறகு எங்கே கம்பி?

ப: அவருக்குப் பின்னால், திரையை நோக்கி. படுத்திருக்கும் பலகையைத் தாங்கும் கம்பி நேராகச் செல்லாது. வாத்தின் கழுத்துபோல் வளைந்து பின்னே போகும். வளையம் முதல் சுற்றில் அந்த வளைவுக்குள் நுழைகிறது, அடுத்த சுற்றில் வெளியே வருகிறது. ஒரே முறைதான் கடத்தினார் என்று சத்தியம் செய்கிறீர்கள். அடுத்த முறை எண்ணிப் பாருங்கள்.

கே: எல்லாம் காந்தம்தானே?

ப: இல்லை. ஓர் ஆளைத் தூக்கும் காந்தம் மேடையில் இருந்தால், முதல் வரிசைக்காரரின் சாவிக்கொத்து அல்லவா முதலில் பறக்கும்!

கே: அந்நாளில் மெட்ராஸில் ஒரு யோகி மூச்சை அடக்கி அந்தரத்தில் அமர்ந்தாராம். ஆங்கிலேயரே எழுதி வைத்திருக்கிறார்கள். இதற்கு என்ன சொல்வீர்கள்?

ப: அவர்கள் எழுதியதைப் படித்துவிட்டுக் கேட்டிருக்கலாம். 1830 வாக்கில் மெட்ராஸில் வித்தை காட்டியவர் அவர். லண்டன் இதழ் ஒன்று 1832இல் அவரைப் பற்றி எழுதியது. பெயரை ஷேஷல் என்று போட்டார்கள். நம் வாயில் அது சேஷாசலமாக இருந்திருக்கலாம். சிறு பையிலிருந்து சாமான்களை எடுப்பார்: நான்கு முளைகளில் நிற்கும் பலகை, அதில் ஒரு பித்தளைக் குழி, குழியில் நிறுத்தும் மூங்கில், மேலே தோல் சுற்றிய ஊன்றுகட்டை. வேலையாட்கள் போர்வையால் மறைப்பார்கள். விலக்கினால், தரைக்கு நான்கடி உயரத்தில் சம்மணமிட்டிருப்பார். ஒரு கையின் விளிம்பு மட்டும் கட்டையைத் தொட்டிருக்க, அதே கையின் விரல்கள் ஜபமாலை உருட்டும். அந்த உருட்டலைக் கவனியுங்கள். விரல் ஓய்வாக அசையும்போது கையில் பாரம் இருக்கிறது என்று யாருக்குத் தோன்றும்? பாரம் மூங்கிலுக்குள் ஓடும் இரும்பில் இறங்குகிறது. அது தோலுக்குள் வளைந்து, சட்டைக் கைக்குள் புகுந்து, உடைக்கடியில் இருக்கையாகிறது. இத்தனை நுட்பமாகக் கருவி செய்தவரை யோகி என்று சொல்லி அவர் மூளையைப் பறித்துவிடுகிறோம். எனக்கு ஆத்திரம் வருவது இதற்குத்தான். பாரிஸில் 1847இல் பிரெஞ்சு வித்தைக்காரர் ராபர்ட் ஊதேன் தம் மகனைக் கோலில் முழங்கை ஊன்றிப் படுக்கவைத்து, ஈதர் என்ற மயக்க மருந்தால் உடல் லேசாகிவிட்டது என்றார். ஈதர் அப்போது புதுமை, கூட்டம் நம்பியது. ஆனாலும் அவரை உலகம் கலைஞர் என்கிறது. நம்மவர் மட்டும் சித்தராம்! இன்று நகரச் சதுக்கங்களில் ஒரு கையில் கோலைப் பிடித்து மிதப்பவர்களும் அதே இரும்பின் மேல்தான் உட்கார்ந்திருக்கிறார்கள்.

கே: தெருவில் நின்றபடியே இரண்டங்குலம் எழும்புகிறார்களே?

ப: பால்டுச்சி முறை. பார்ப்பவர்கள் சாய்வாகப் பின்னால், நெருக்கமாக நிற்க வேண்டும். அவர்களுக்குத் தெரியாத பாதத்தின் முன்நுனியில் எடை முழுவதும். ஐந்து விநாடிக்கு மேல் வேண்டாம். கால் நடுங்கிக் காட்டிக்கொடுத்துவிடும்.

கே: அமெரிக்க வித்தைக்காரர் டேவிட் பிளெய்ன் நீருக்குள் 17 நிமிடம் மூச்சடக்கினார். என் மகன் கிணற்றில் பழகுகிறான். எத்தனை நிமிடம் இலக்கு வைக்கலாம்?

ப: இலக்கா? முதலில் அவனைக் கரையேற்றுங்கள்! 2008இல் பிளெய்ன் தூய ஆக்சிஜனைச் சுவாசித்துவிட்டு, மருத்துவர்கள் அருகிலிருக்க இறங்கினார். வேகவேகமாக மூச்சிழுத்துவிட்டு மூழ்கினால் கரியமில வாயு குறையும், மூச்சுத் திணறல் என்ற எச்சரிக்கை வராமலே மயக்கம் வரும். 2019இல் கைகால் கட்டோடு ஹூக்ளி ஆற்றில் இறங்கிய வித்தைக்காரர் பிணமாகத்தான் கிடைத்தார். மீட்க ஆள் இல்லாமல் நீர் வேண்டாம். போன முறையும் சொன்னேன், அடுத்த முறையும் சொல்வேன்.

கே: இந்தியக் கயிற்று வித்தையில், அந்தரத்தில் நிமிர்ந்து நிற்கும் கயிற்றில் ஏறிய பையன் மறைவது எப்படி?

ப: 1890இல் சிகாகோ பத்திரிகை ஒன்று கட்டிய கதை அதைப் பரப்பியது. சில மாதங்களில் அவர்களே புனைவு என்று ஒப்புக்கொண்டார்கள். பையன் ஏறவும் இல்லை, மறையவும் இல்லை.