ஐயா பெயர் சாத்தப்பன்: வைக்கலாமா, மாற்றலாமா?

கேள்வி: முதல் குழந்தை, ஆண். மூன்று மாதம் ஆகிறது. என் மாமனார் (பிள்ளையின் ஐயா, அதாவது தாத்தா) பெயர் சாத்தப்பன். அதையே வைக்க வேண்டும் என்று அவர் வீட்டில் சொல்கிறார்கள். ‘சாத்துவது’ என்றால் அடிப்பது, மூடுவது என்று பள்ளியில் கேலி செய்வார்களோ என்று எனக்குப் பயம். பொருளும் சரியாகக் கிடைக்கவில்லை. ‘சாத்விக்’ என்று வைத்தால் ஐயா பெயர் வைத்ததாக ஆகுமா? பிறப்புச் சான்றிதழில் எதை எழுதுவது? (ஒரு வாசகி, காரைக்குடி)

பதில்: சாத்விக் ஐயா பெயராகாது. அது சத்துவ குணத்திலிருந்து வந்த வடசொல். முதலெழுத்து ஒத்திருப்பதைத் தவிர இரண்டுக்கும் உறவில்லை. சாத்தப்பனோ தமிழில் கிடைக்கிற மிகப் பழைய ஆண் பெயர்களில் ஒன்றை உள்ளே வைத்திருக்கிறது. விடுவதற்கு முன் அதைத் தெரிந்துகொள்ளுங்கள்.

சாத்தன் + அப்பன் என்று பிரியும். சாத்தன் என்பது ஐயனாரின் பெயர். ஊர் எல்லையில் குதிரையோடு நிற்கிற காவல் தெய்வம் அவர். ‘சாத்து’ என்ற சொல்லும் பக்கத்தில் இருக்கிறது. பொதிமாடும் வண்டியுமாகக் கூட்டமாகப் போன வணிகர்களைச் சாத்து என்றார்கள். கோவலனின் தகப்பன் மாசாத்துவான், அதாவது பெருஞ்சாத்தின் தலைவன். மணிமேகலை பாடிய சாத்தனார் மதுரையில் கூலம், அதாவது தானியம், விற்ற வணிகர். எகிப்தில் செங்கடல் ஓரமாக உள்ள குசேர் அல் காதிம் என்ற பழைய துறைமுகத்தில் தமிழ் பிராமி எழுத்துப் பொறித்த பானை ஓடுகள் கிடைத்தன. கி.பி. முதல் நூற்றாண்டையொட்டிய அந்த ஓடுகளில் உள்ள பெயர்கள் ‘கணன்’, ‘சாதன்’. கண்ணன், சாத்தன் என்று படிக்கிறார்கள். கடல் கடந்து கொண்டுவிற்ற, அதாவது வணிகம் செய்த, நகரத்தார் (நாட்டுக்கோட்டைச் செட்டியார்) சமூகத்தின் பிள்ளைக்கு இதைவிடப் பொருத்தமான பெயர் எனக்குத் தோன்றவில்லை. கேலி செய்கிற வயதில் பிள்ளைக்கு இந்தக் கதையைச் சொல்லிக் கொடுத்தால், அவனே திருப்பிச் சொல்லிவிடுவான்.

பொருள் கிடைக்காததற்குக் காரணம் இருக்கிறது. பெயர்ப் பட்டியல் தளங்கள் முழுப் பெயரையும் வடமொழி அகராதியில் தேடுகின்றன. நம் பக்கத்துப் பெயர்களைப் பின்பாதியைக் கழற்றிவிட்டுத்தான் பார்க்க வேண்டும். அப்பன், ஐயா, நாதன், ஈசன், லிங்கம் ஆகியவை மரியாதைக்குச் சேர்ந்தவை. எந்தத் தெய்வம், எந்த ஊர் என்பது முன்பாதியில் இருக்கும். வள்ளியப்பன் என்றால் வள்ளியின் தகப்பன் இல்லை, வள்ளிக்கு நாயகனான முருகன். நாச்சியப்பனும் அப்படித்தான். மெய்யப்பனில் உள்ள மெய் உடம்பு இல்லை, சத்தியம். திருமயத்தின் பழைய பெயர் திருமெய்யம். அங்கே பெருமாள் சத்தியமூர்த்தி, சிவன் சத்தியகிரீசுவரர். தேனப்பன் என்ற பெயரைக் கேட்டால் குன்றக்குடி மலையடியில் உள்ள தேனாற்றுநாதர் நினைவுக்கு வர வேண்டும். சேவுகன் என்றால் சிங்கம்புணரி சேவுகப்பெருமாள் ஐயனார்.

அடிக்கடி தவறாகச் சொல்லப்படுவது வைரவன். வைரம் போன்றவன் என்று போட்டிருப்பார்கள். வைரத்துக்கும் அதற்கும் தொடர்பில்லை, அது பைரவர் பெயர். நகரத்தாரின் ஒன்பது கோவில்களில் ஒன்றான வைரவன்பட்டிக்குப் போனால் யார் பெயர் என்று தெரியும். கருப்பையா, பெரியகருப்பன் என்ற பெயர்களை நிறத்தோடு சேர்த்துப் பார்த்து ஒதுக்குகிறார்கள். அதுவும் வருத்தமான விஷயம். கருப்பர் காவல் தெய்வம். அந்தப் பெயரைப் பிள்ளைக்கு வைத்தவர்கள் காவலை நினைத்தார்கள், நிறத்தை நினைக்கவில்லை.

ஊரே பெயரானவையும் நிறைய: சிதம்பரம், பழனியப்பன், காசி. அண்ணாமலையும் அருணாசலமும் ஒரே மலைதான். அண்ண முடியாத, அதாவது நெருங்க முடியாத மலை என்பது தமிழ். சிவந்த மலை என்பது வடமொழி. கண்ணப்பனும் திண்ணப்பனும் ஒரே நாயனார். திண்ணன் என்பது பெற்றவர் இட்ட பெயர், கண்ணப்பன் இறைவன் அழைத்த பெயர். கதிரேசன் இலங்கைக் கதிர்காமத்து முருகன். தண்ணீர்மலை என்று பெயர் வைத்திருக்கிற வீடுகளில் பினாங்குத் தொடர்பு இருந்திருக்கும், அங்குள்ள முருகன் கோவில் மலையின் பெயர் அது. கொண்டுவிற்கப் போன இடத்துச் சாமியையும் பிள்ளைக்குப் பெயராகக் கொண்டுவந்திருக்கிறார்கள்.

இனி யார் பெயர் என்பது. பெரும்பாலான வீடுகளில் முதல் மகனுக்கு அப்பாவைப் பெற்ற ஐயா பெயர், இரண்டாவது மகனுக்கு ஆயா வீட்டு (அம்மாவைப் பெற்ற) ஐயா பெயர். கானாடுகாத்தான் ராஜா சர் அண்ணாமலைச் செட்டியாரின் தகப்பனார் முத்தையா. 1905-ல் பிறந்த மூத்த மகனும் முத்தையா. பிள்ளை கூட்டிக்கொண்டால், அதாவது தத்தெடுத்தால், பெயரும் மாறுவது உண்டு. சிறுகூடல்பட்டியில் முத்தையாவாகப் பிறந்த கவிஞர் கண்ணதாசன், சுவீகாரம் போன வீட்டில் நாராயணன் ஆனார்.

இந்த முறையில் ஒரு சிக்கல் வரும். ஐயாவுக்கு மூன்று மகன்கள் என்றால் மூன்று வீட்டிலும் மூத்த பேரன் சாத்தப்பன். பெரிய சாத்தப்பன், சின்ன சாத்தப்பன் என்று வீட்டில் சமாளித்துவிடலாம். வெளியே பிரித்துக் காட்டுவது விலாசம்தான், அதாவது பெயருக்கு முன் வரும் முன்னோரின் முன்னெழுத்துகள். உங்கள் கணவர் பெயர் சுப்பையா என்று வைத்துக்கொண்டால், பிள்ளை சா.சுப்ப. சாத்தப்பன். கொழுந்தனார் பழனியப்பன் என்றால் அவர் மகன் சா.பழ. சாத்தப்பன். விலாசத்தில் ஐயாவுக்கு உரிய எழுத்தும் பெயரின் முதலெழுத்தும் ஒன்றாக வந்தால் ஐயா பெயர் என்று பார்த்தவுடன் தெரிந்துவிடும்.

மாமனார் பெயரை மருமகள் வாயால் சொல்லக் கூடாது என்ற வழக்கத்தால், ஐயா பெயர் வைத்த பிள்ளையைத் தாய் ‘ஐயா’ என்றோ ‘ராசா’ என்றோதான் கூப்பிட்டு வந்திருக்கிறார். ஆகவே பதிவுப் பெயர் ஒன்று, கூப்பிடும் பெயர் ஒன்று என்பது நமக்குப் புதிதில்லை. உங்களுக்கு நான் சொல்வது இதுதான்: சான்றிதழில் சாத்தப்பன், வீட்டில் அதே வேரில் ஒரு சின்னப் பெயர். சாத்தன் என்றே கூப்பிடலாம், இரண்டு நொடியில் வாயில் வரும். சாத்தனைச் சாஸ்தா என்றும் சொல்வதால், சாஸ்தாவின் பெயரான மணிகண்டனும் பொருந்தும். கீழடி ஓடுகளில் வருகிற ஆதன் இப்போது பலருக்குப் பிடிக்கிறது. அது பழைய பெயர், அழகான பெயர், ஆனால் சாத்தப்பனோடு அதற்கு உறவில்லை. ஐயா பெயர் சிதம்பரம் என்றால் நடராசன், அருணாசலம் என்றால் அருண், கதிரேசன் என்றால் கதிர் என்று மற்ற வீட்டார் போகலாம்.

தலைகீழாகச் செய்யாதீர்கள். சான்றிதழில் புதுப் பெயரை எழுதிவிட்டு ‘ஐயா பெயர் வீட்டில் இருக்கட்டும்’ என்றால், பள்ளியில் சேர்ந்த அன்றே ஐயா பெயர் போய்விடும். 2023 அக்டோபர் 1-க்குப் பிறகு பிறந்த குழந்தைகளுக்குப் பள்ளிச் சேர்க்கை, பாஸ்போர்ட், ஓட்டுநர் உரிமம் எல்லாவற்றுக்கும் பிறந்த தேதிக்கு ஆதாரம் பிறப்புச் சான்றிதழ்தான். அதில் உள்ள எழுத்தே எங்கும் போகும்.

பிறப்பைப் பெயர் இல்லாமல் பதிந்திருந்தால், பதிந்த நாளிலிருந்து 12 மாதத்துக்குள் கட்டணமில்லாமல் பெயர் சேர்க்கலாம். அதற்குப் பிறகு 15 ஆண்டு வரை தாமதக் கட்டணத்தோடு சேர்க்கலாம். உங்களுக்கு அவசரமே இல்லை, வீட்டில் பேசி முடிவு செய்துவிட்டுப் பிறப்பு பதிவான அலுவலகத்துக்கே போங்கள். ஒருமுறை ஏறிய பெயரை விருப்பத்துக்காக மாற்றித் தரமாட்டார்கள். எழுத்துப் பிழை என்றால் திருத்தலாம், வேறு பெயர் என்றால் அரசிதழில் வெளியிட வேண்டியிருக்கும்.

போவதற்கு முன், ஐயா பெயரின் சரியான எழுத்தை அவர் இசைகுடிமானத்திலோ (திருமண ஒப்பந்த ஓலை) பழைய பேரேட்டிலோ பார்த்துக்கொள்ளுங்கள். லெட்சுமணன், லட்சுமணன், இலக்குமணன் என்று ஒரே வீட்டில் மூன்று விதமாக எழுதியிருப்பார்கள். ஒன்றைத் தேர்ந்து, ஆங்கில எழுத்துகளையும் அன்றே முடிவு செய்யுங்கள். எண்கணிதத்துக்காக எழுத்தைக் கூட்டிக் குறைத்தால் ஆதாரும் பாஸ்போர்ட்டும் ஒத்துப்போகாமல் பிற்காலத்தில் அலைய நேரும்.

விலாசம் முழுவதையும் பெயர்ப் பெட்டியில் எழுதாதீர்கள். கல்யாண ஓலைக்கும் கோவில் கணக்குக்கும் அது வேண்டும். பாஸ்போர்ட்டில் முன்னெழுத்துகளை விரித்து எழுதச் சொல்வார்கள், நான்கு தலைமுறையையும் விரிக்க முடியாது. அப்பா பெயர் ஒன்றோடு நிறுத்துங்கள். முன்னெழுத்தைத் தமிழிலேயே எழுத வேண்டும் என்று அரசு 2021-ல் ஆணையிட்டது, நமக்கு அது பழைய வழக்கம்தான். ராயவரத்துக் குழந்தைக் கவிஞர் அழ. வள்ளியப்பா என்றே கையெழுத்திட்டார், அழ. என்றால் அழகப்பன். உங்கள் பிள்ளைக்கும் ‘எஸ்.’ என்று எழுதாமல் ‘சுப்ப.’ என்று எழுதுங்கள். ‘எஸ்.’ என்று மட்டும் போட்டால் சுப்பையாவா, சொக்கலிங்கமா, சண்முகமா என்று யாருக்கும் தெரியாது.