கோபுரத்துப் பொம்மைக்கு எந்த கேமரா?

கேள்வி: ஐயா, நான் ஓய்வுபெற்ற ஓவிய ஆசிரியை. கோபுரத்தில் இருக்கும் சுதைச் சிற்பங்களைப் பார்த்து வரைவது என் பழக்கம். ஆனால் நாலைந்து நிலைக்கு மேலே இருப்பவை கண்ணுக்குப் பிடிபடுவதில்லை. சிங்கப்பூரில் இருக்கும் மகன் அடுத்த மாதம் வருகிறான். அங்கே இரண்டு பழைய கேமராக்கள் நல்ல விலைக்கு வருகின்றனவாம், கேனன் எஸ்எக்ஸ்740, சோனி எச்எக்ஸ்99. எது வேண்டும் என்று கேட்கிறான். கேனனில் 40 எக்ஸ் ஜூம், சோனியில் 30 எக்ஸ்தான். அப்படியென்றால் கேனன்தானே? பெரிய பை தூக்க முடியாது. கை லேசாக நடுங்கும், கண்ணாடி போடுகிறேன்.
(வாசகி, கும்பகோணம்)

பதில்: டீச்சர், கடிதத்தின் கடைசியில் போகிற போக்கில் இரண்டு விஷயம் எழுதியிருக்கிறீர்களே, கை நடுக்கமும் கண்ணாடியும், எனக்கு அதுதான் முதலில் கண்ணில் பட்டது. 40-ஆ 30-ஆ என்பதெல்லாம் அதற்கு அப்புறம்தான்.

இருந்தாலும் எண்ணில் ஆசை வைத்துவிட்டீர்கள், அதை முதலில் பேசி முடித்துவிடுவோம். பழைய ஃபிலிம் கேமரா லென்ஸ் கணக்கில் சொன்னால் (இந்த மி.மீ. எண் கூடக் கூடத் தூரத்தில் இருப்பது பெரிதாக வரும்) இரண்டுமே 24 மி.மீ.யில் தொடங்குகின்றன. கேனன் 960 வரை போகும், சோனி 720 வரை. கோபுரத்துப் பொம்மைக்கும் உங்களுக்கும் நடுவில் 100 மீட்டர் என்று வைத்துக்கொள்ளுங்கள். முழு ஜூமில் கேனனின் சட்டத்துக்குள் ஏறக்குறைய மூன்றரை மீட்டர் அகலம் அடங்கும், சோனியில் ஐந்து மீட்டருக்குக் கொஞ்சம் குறைவாக அடங்கும். அதாவது கேனனில் துவாரபாலகர் மட்டும் வந்தால், சோனியில் அவரோடு பக்கத்துப் பொம்மையும் பாதி வரும், அவ்வளவுதான் வித்தியாசம். சோனியில் எடுத்த படத்தைக் கேனன் அளவுக்கு ஓரம் வெட்டினால் கையில் நிற்பது சுமார் 10 மெகாபிக்சல், அதை வைத்து ஏ4 தாளில் அச்சடிக்கலாம், நீங்கள் பார்த்து வரைவதற்குத் தாராளம்.

முழு ஜூமில் இன்னொரு சங்கடமும் உண்டு. லென்ஸின் துவாரத்தை எஃப் எண்ணில் சொல்வார்கள், எண் கூடினால் துவாரம் சிறுக்கும். கேனனின் லென்ஸ் அகல முனையில் எஃப் 3.3, நீள முனையில் எஃப் 6.9. அங்கே போய்ச் சேரும்போது, படத்தைப் பதியும் சென்சாருக்கு வரும் வெளிச்சம் கால்வாசிக்கும் கீழே இறங்கிவிடும். சோனியும் யோக்கியம் இல்லை, 3.5-இல் தொடங்கி 6.4-இல் முடிகிறது. இரண்டிலும் இருப்பது சுண்டுவிரல் நகத்தை விடச் சின்ன சென்சார், 6.2-க்கு 4.6 மி.மீ. அவ்வளவு சின்னதில் துவாரமும் குறுகும்போது, ஒளி வளைந்து பரவி நுணுக்கங்களைக் கொஞ்சம் மழுப்பிவிடும். கேனன் பெட்டியில் 20 மெகாபிக்சல், சோனி பெட்டியில் 18 என்று போட்டிருப்பது பொய்யில்லை, ஆனால் முழு ஜூமில் அத்தனைக்கும் வேலை இருக்காது. ஆகவே வெயில் உள்ள நேரமாகப் பார்த்துப் போங்கள். வெயில் என்றதும் பதினோரு மணிக்குக் கிளம்பிவிடாதீர்கள்! தரையும் ஓட்டுக் கூரைகளும் சுட்டபிறகு மேலெழும் சூட்டுக்காற்றில் தூரத்துப் பொம்மையின் முகம் தண்ணீருக்குள் இருப்பதுபோல நெளியும், அதை எந்த விலை லென்ஸாலும் சரிசெய்ய முடியாது. கிழக்குக் கோபுரம் என்றால் காலை ஏழிலிருந்து எட்டரைக்குள் வேலையை முடித்துக்கொள்ளுங்கள், அந்த நேரத்துச் சாய்வு வெயில் முகப்பிலேயே விழும், வரைகிறவருக்கு நான் சொல்ல வேண்டியதில்லை.

இப்போது கை நடுக்கத்துக்கு வருவோம். கேனனில் கண்ணை வைத்துப் பார்க்கும் வ்யூஃபைண்டர் கிடையாது. பின்பக்கத் திரையைப் பார்த்துத்தான் எடுக்க வேண்டும், அதற்குக் கேமராவை முகத்திலிருந்து ஓரடி தள்ளி இரண்டு கையையும் நீட்டிப் பிடிக்க வேண்டும். நடுங்காத கையே அந்த நிலையில் 960 மி.மீ.க்கு ஆடும். ஆட்டத்தைத் தணிக்கும் வசதி இரண்டு கேமராவிலும் உண்டு, நன்றாகவே வேலை செய்யும், ஆனால் அது படத்தின் கலங்கலைக் குறைக்குமே தவிர, நீங்கள் குறிவைத்த பொம்மை சட்டத்தை விட்டு நழுவுவதை முழுதாக நிறுத்தாது. அதோடு நம் ஊர் வெயிலில் திரையில் தெரிவது பாதி உங்கள் முகம்தான். சோனியில் இடது மூலையில் ஒரு சின்ன விசையைத் தள்ளினால் குட்டி வ்யூஃபைண்டர் மேலே எழும்பும். கேமராவைப் புருவத்தோடு ஒட்டி, முழங்கையை விலாவில் அழுத்திப் பிடித்தால் நெற்றியும் ஒரு தாங்கலாகிவிடும். எனக்கு இது ஒன்றே போதும், அந்த 10 எக்ஸை விட்டுக்கொடுத்துவிடுவேன்.

ஆனால் ஒன்று. அந்த வ்யூஃபைண்டர் உண்மையிலேயே குட்டி, சாவித்துவாரத்தில் கண்ணை வைத்துப் பார்ப்பதுபோல இருக்கும். மூக்குக்கண்ணாடியோடு பார்த்தால் ஓரங்கள் மறையும். கண்ணாடியைக் கழற்றிவிட்டு, வ்யூஃபைண்டரில் இருக்கும் சின்ன நெம்புகோலை நகர்த்தி உங்கள் பவருக்கு ஏற்றபடி தெளிவாக்கிக்கொள்ளலாம். சாதாரண கிட்டப்பார்வை தூரப்பார்வைக்கு இது பெரும்பாலும் சரிப்படும். கண் டாக்டர் சீட்டில் சிலிண்டர் பவர் என்று அதிகமாக எழுதியிருந்தால் சரிப்படாது. இப்போதே சீட்டை எடுத்துப் பார்த்துவிட்டு மகனுக்குச் சொல்லுங்கள். சிலிண்டர் பவர் அதிகம் என்றால் சோனியின் பெரிய சாதகம் உங்களுக்குப் பாதியாகிவிடும், அப்போது கேனனை வாங்கினாலும் நான் குறை சொல்லமாட்டேன்.

கேனனிலும் எனக்குப் பிடித்த ஒன்று இருக்கிறது. முழு ஜூமில் பொம்மையைத் தவறவிட்டுவிட்டால் எங்கே போனது என்றே தெரியாது, கோபுரம் முழுக்க ஒரே மாதிரி யாளியாக இருக்கும். அதற்கென்றே ஒரு பொத்தான் வைத்திருக்கிறார்கள். அதை அழுத்திக்கொண்டிருந்தால் ஜூம் பின்வாங்கி அகலமாகக் காட்டும், நடுவில் ஒரு சின்னக் கட்டம் தெரியும், அந்தக் கட்டத்துக்குள் பொம்மையைக் கொண்டுவந்துவிட்டு விரலை எடுத்தால் மறுபடி பழைய இடத்துக்கே பாயும். சோனியைத்தான் வாங்குகிறீர்கள் என்றால் இதைக் கையாலேயே செய்யப் பழகுங்கள்.

மற்றதெல்லாம் சில்லறை. எடை சோனி சுமார் 240 கிராம், கேனன் 300. ஒரு சார்ஜில் சோனி சுமார் 360 படம், கேனன் 265. தொடுதிரை சோனியில் மட்டும். பிறகு கணினியில் திருத்துவதற்கான ரா ஃபைலும் சோனியில் மட்டும், அது உங்களுக்கு எதற்கு. இரண்டும் 4கே வீடியோ எடுக்கும்.

ஆக, சிலிண்டர் பிரச்சினை இல்லையென்றால் சோனி. வாங்கியபின் நின்றுகொண்டு எடுக்காதீர்கள். கோபுரத்துக்கு எதிரே ஏதாவது கடைத் திண்ணையில் உட்கார்ந்து, முழங்கைகளை முழங்காலில் ஊன்றி, ஒரேயடியாக ஏழெட்டுப் படம் தொடர்ந்து எடுங்கள் (இரண்டு கேமராவும் விநாடிக்குப் பத்து வரை எடுக்கும்). அதில் ஒன்றாவது ஆடாமல் வரும். கோயிலுக்குள் கேமரா கொண்டுபோவதற்கு அந்தந்தக் கோயிலில் கேட்டுக்கொள்ளுங்கள். உங்களுக்கு வேண்டியது வெளியில் தெருவிலிருந்தே கிடைத்துவிடும்.

கேள்வி: இந்த மாதிரி ஜூம் கேமராவைப் பழையதாக வாங்கும்போது என்ன பார்க்க வேண்டும்? இணையத்தில் விற்பவர் 'புத்தம் புதுசு மாதிரி' என்கிறார்.
(வாசகர், ஈரோடு)

பதில்: இப்போது பழைய காம்பாக்ட் கேமராக்களுக்குத் திடீர் மவுசு வந்துவிட்டது, அதனால் விற்பவர்கள் எல்லோரிடமும் இருப்பது 'புத்தம் புதுசு மாதிரி'தான்.

வெளியே கீறல் இருந்தால் கவலைப்படாதீர்கள், தூசி எங்கே போயிருக்கிறது என்று பாருங்கள். இந்த கேமராக்களில் லென்ஸ் ஒவ்வொரு முறையும் அடுக்கடுக்காக நீண்டு பிறகு உள்ளே போகிறது அல்லவா, அப்போது சைக்கிள் பம்பு மாதிரி காற்றை இழுக்கும், காற்றோடு தூசியும் உள்ளே போகும். நான் ஒரு முறை திருச்செந்தூர் கடற்கரையில் பாறையில் உட்கார்ந்திருந்த நாரைக்காக அரை மணி நேரம் ஜூமை இழுத்து இழுத்து விட்டேன். நாரைப் படம் சுமாராகத்தான் வந்தது. ஆனால் அன்றிலிருந்து எல்லாப் படத்திலும் வலது மேல் மூலையில் மங்கலாக ஒரு புள்ளி, மகளின் நிச்சயதார்த்தப் படத்தில்கூட சம்பந்தியின் வேட்டிமேல் வந்து உட்கார்ந்துகொண்டது. சர்வீஸுக்குக் கொடுத்தேன், முழுதாகப் பிரித்துத்தான் துடைக்க வேண்டும் என்று சொல்லி அவர்கள் கேட்ட தொகை கேமராவின் அப்போதைய விலையில் பாதிக்கு மேல். திரும்ப வாங்கி வந்துவிட்டேன். லென்ஸ் மாற்றும் கேமரா என்றால் கழற்றிவிட்டு ஊதித் துடைக்கலாம், இதில் அந்த வழி கிடையாது.

ஆகவே நேரில் போய், ஜூமை முழுதாக நீட்டி, துவாரத்தை எஃப் 8-க்கு வைத்து, வெள்ளைச் சுவரையோ மேகமில்லாத வானத்தையோ எடுத்துப் பெரிதாக்கிப் பாருங்கள். தூசி இருந்தால் அப்போது காட்டிக்கொடுத்துவிடும். அப்புறம் ஜூமை நாலைந்து தடவை முன்னும் பின்னும் ஓட்டுங்கள். சீராக ஓட வேண்டும், நறநறவென்று சத்தம் கேட்டால் உள்ளே மண் இருக்கிறது, நன்றி சொல்லிவிட்டு வந்துவிடுங்கள். பேட்டரி பற்றிப் பயம் வேண்டாம். கேனனின் என்பி-13எல், சோனியின் என்பி-பிஎக்ஸ்1 இரண்டும் அந்தந்த நிறுவனத்தின் வேறு பல கேமராக்களிலும் போடுகிற பேட்டரிகள்தான், தேடினால் கிடைக்கும்.

கேள்வி: அண்ணா, என் போனிலேயே 100 எக்ஸ் ஜூம் இருக்கிறது. 30 எக்ஸ் கேமராவுக்கு எதற்குக் காசைக் கொட்ட வேண்டும்?
(வாசகர், திருநெல்வேலி)

பதில்: தம்பி, அந்த 100-இல் லென்ஸ் செய்யும் வேலை எவ்வளவு என்று பாருங்கள். பெரும்பாலான போன்களில் தொலைவு லென்ஸ் 3 அல்லது 5 எக்ஸ். சாம்சங் எஸ்23 அல்ட்ராவில் 10 இருந்தது, அதாவது 230 மி.மீ. அதற்கு மேல் போவதெல்லாம் வந்த படத்தின் நடுவை வெட்டிப் பெரிதாக்கி, மென்பொருளால் மெழுகிக் கொடுப்பது. கூந்தன்குளம் பக்கம்தானே இருக்கிறீர்கள், ஒரு நாள் போய்த் தூரத்துக் கூட்டில் இருக்கும் நாரையை 60 எக்ஸில் எடுத்துப் பாருங்கள், சிறகு ஈரத்தில் கரைந்த வாட்டர்கலர் மாதிரி வரும். அதே இடத்தில் 720 மி.மீ. லென்ஸ் இறகைத் தனித்தனியாகக் காட்டும்.

ஆனால் உங்கள் போனையும் லேசாக நினைக்காதீர்கள். சாயங்காலத்துக்கு மேலும், வீட்டுக்குள்ளும், 5 எக்ஸுக்குள் எடுக்கும் எதிலும், இந்தச் சின்ன சென்சார் கேமராக்களைவிட நல்ல போன் முந்திவிடும். போனின் முதன்மை சென்சாரே இவற்றில் இருப்பதைவிடப் பெரியது, அதோடு பல படங்களை எடுத்து ஒன்றாகச் சேர்த்துக்கொள்கிறது. பறவை, கோபுரம், நிலா, தூரத்து மலை என்று எதுவும் எடுக்கப் போவதில்லை என்றால் காசைக் கொட்டவே வேண்டாம்.

கேள்வி: கேனன் எஸ்எக்ஸ்740 வைத்திருக்கிறேன். நிலாவை எடுத்தால் வெறும் வெள்ளை வட்டமாகத்தான் வருகிறது. கேமரா கோளாறா?
(வாசகி, மதுரை)

பதில்: கோளாறு இல்லை. கேமரா சுற்றியிருக்கும் கறுப்பைப் பார்த்து ராத்திரி என்று முடிவுகட்டி வெளிச்சத்தை அள்ளிக் கொட்டுகிறது. ஆனால் நிலாவின்மேல் அடிப்பது சூரிய வெளிச்சம், அங்கே அது பட்டப்பகல். மேனுவலில் போட்டு ஐஎஸ்ஓ 100, எஃப் 6.9, விநாடியில் 250-இல் ஒரு பங்கு என்று வையுங்கள், அங்கிருந்து கொஞ்சம் கூட்டிக் குறைத்துக்கொள்ளலாம். முழு ஜூமில் நிலா உங்கள் சட்டத்தின் உயரத்தில் மூன்றில் ஒரு பங்கு வரும். பௌர்ணமிக்குக் காத்திருக்காதீர்கள், அன்றைக்கு வெளிச்சம் நேராக விழுவதால் நிலா தட்டையாகத் தெரியும். அமாவாசை கழிந்து ஏழெட்டு நாளில், பாதி நிலா இருக்கும்போது, இருளும் ஒளியும் சந்திக்கும் கோட்டை ஒட்டிப் பள்ளங்கள் நிழலோடு எழும்பி நிற்கும். மொட்டைமாடிக் கைப்பிடிச் சுவரில் ஒரு துண்டை மடித்துப் போட்டு, அதன்மேல் கேமராவை வைத்து, இரண்டு விநாடி டைமரில் எடுங்கள்.

கேள்வி: சபாவில் பின்வரிசையிலிருந்து கச்சேரி எடுக்க இந்த இரண்டில் எது?
(வாசகர், சென்னை)

பதில்: இரண்டும் வேண்டாம். அந்த வெளிச்சத்துக்கு ஒரு அங்குல சென்சார் வேண்டும், அது பரப்பளவில் இவற்றைப்போல நான்கு மடங்கு. பானசோனிக் டிசெட்200 என்று 2018-இல் ஒன்று வந்தது, 24 முதல் 360 மி.மீ., வ்யூஃபைண்டரும் உண்டு, ஊருக்கு ஊர் பெயர் மட்டும் மாறும். பழையதாகக் கிடைத்தால், மேலே ஈரோட்டு வாசகருக்குச் சொன்ன சுவர் பரிசோதனையை இதற்கும் செய்துவிடுங்கள், இதுவும் நீண்டு சுருங்கும் லென்ஸ்தான். அப்புறம், ஃபோகஸுக்காக முன்னால் எரியும் அந்தச் சிவப்பு விளக்கை மெனுவில் போய் அணைத்துவிட்டுப் படம் எடுங்கள், பாடகர் ஆலாபனையில் கண்ணை மூடியிருந்தாலும் மிருதங்கக்காரர் பார்த்துக்கொண்டுதான் இருப்பார்.