வணக்கம் சொல்லிவிட்டுக் காத்திருப்பவர்கள்

வெவ்வேறு இடங்களில் இருந்தபடி ஒரே குழுவாகப் பணியாற்றும் வாசகர்கள், அலுவலகச் சாட் குறித்து அனுப்பிய கேள்விகளில் சில இந்த இதழில் இடம்பெறுகின்றன.

கேள்வி: சக பணியாளர் ஒருவர் ‘வணக்கம்’ என்றோ ‘ஒரு நிமிடம் பேசலாமா’ என்றோ மட்டும் அனுப்புகிறார். நான் பதில் எழுதும்வரை விஷயத்தைச் சொல்வதில்லை. மரியாதைக்காகத்தான் அப்படிச் செய்கிறார் என்று தெரிந்தாலும் எரிச்சல் வருகிறது. அவர் மனம் நோகாமல் எப்படிச் சொல்வது?

பதில்: உங்கள் எரிச்சல் நியாயமானதே. நேரில் வந்து வணக்கம் சொல்பவர் அடுத்த நொடியே விஷயத்துக்கு வந்துவிடுவார். சாட்டில் அந்த இடைவெளி அரை மணி நேரமாகவும் நீளலாம், அதுவரை என்னவோ ஏதோ என்று திரையை எட்டிப் பார்த்துக்கொண்டே இருக்க நேரிடும். வணக்கத்தை விட்டுவிடும்படி அவரிடம் சொல்ல வேண்டியதில்லை, விஷயத்தையும் அதே செய்தியில் சேர்த்துவிட்டால் போதும். உதாரணமாக இப்படி எழுதலாம்: “வணக்கம். விலைப்பட்டியலின் மூன்றாம் பக்கத்தில் வரி இருமுறை கூட்டப்பட்டிருப்பதாகத் தெரிகிறது, படம் இணைத்திருக்கிறேன். நாளை மாலை 4 மணிக்கு இது வாடிக்கையாளருக்குப் போக வேண்டும். அதற்குள் பார்த்து, சரியா தவறா என்று மட்டும் சொல்ல முடியுமா?” இதில் மரியாதைக்கு ஒரு குறையும் இல்லை. படிப்பவரும் எதையும் திருப்பிக் கேட்காமல் வேலையை முடித்துவிடலாம்.

அவரிடம் உபதேசம் செய்ய வேண்டாம். அடுத்த முறை வணக்கம் வந்ததும், “வணக்கம், சொல்லுங்கள். நான் சாட்டை இடையிடையேதான் பார்க்கிறேன், அதனால் விஷயத்தையும் சேர்த்தே எழுதிவிடுங்கள்” என்று ஒருமுறை எழுதிப் பாருங்கள். இந்தப் பழக்கத்தைக் கண்டிப்பதற்கென்றே இருக்கும் இணையதளத்தின் இணைப்பைச் சிலர் பதிலாக அனுப்பிவிடுகிறார்கள்; வயதிலோ பதவியிலோ மூத்தவரிடம் அது முகத்தில் அடித்தாற்போல் இருக்கும் என்பது என் எண்ணம்.

கேள்வி: மூன்று நேர மண்டலங்களில் பணியாற்றும் ஒரு சிறு குழுவுக்குப் பொறுப்பேற்றிருக்கிறேன். சாட்டுக்கான விதிமுறைகளை எழுதித் தரும்படி கேட்டிருக்கிறார்கள். எனக்கு முன்பிருந்தவர் நாற்பது விதிகள் எழுதியிருந்தார். யாரும் படித்ததாகத் தெரியவில்லை. எதிலிருந்து தொடங்குவது?

பதில்: எந்தச் செய்திக்கு எவ்வளவு நேரத்துக்குள் பதில் எதிர்பார்க்கப்படுகிறது என்பதை முதலில் எழுதுங்கள். அதை எழுதாமல் விட்டால் ஆளுக்கொரு கணக்கு வைத்துக்கொள்வார்கள்: ஐந்து நிமிடத்தில் பதில் வராவிட்டால் தன்னைப் புறக்கணிப்பதாக ஒருவர் நினைப்பார், அந்தப் பயத்திலேயே இன்னொருவர் வேலையை விட்டுவிட்டுச் சாட்டையே பார்த்துக்கொண்டிருப்பார். சாதாரணச் செய்திக்கு, பெறுபவருடைய அடுத்த வேலை நாள் முடிவதற்குள் பதில் வந்தால் போதும் என்றும், உண்மையான அவசரத்துக்குத் தொலைபேசியில் அழைக்க வேண்டும் என்றும் வரையறுத்துவிட்டால் பாதிப் பிரச்சினை தீர்ந்துவிடும். எது அவசரம் என்பதையும் எழுத வேண்டும்: சேவை நின்றுபோவது, பணம் தவறான கணக்குக்குப் போவது போன்றவை அவசரம். மேலதிகாரிக்கு ஒரு விவரம் இப்போதே தெரிய வேண்டும் என்று தோன்றுவது பெரும்பாலும் அவசரத்தில் சேராது.

அடுத்தது, எல்லோரையும் ஒரே நேரத்தில் கூப்பிடும் பழக்கம். ஸ்லாக் என்ற அலுவலகச் சாட் செயலியில் ‘@சேனல்’ என்ற குறி அந்தச் சேனலில், அதாவது குழுவாக உரையாடும் அந்தப் பகுதியில், உள்ள அனைவருக்கும் அறிவிப்பு அனுப்பும். ‘@ஹியர்’ என்பது அப்போது செயலியில் இருப்பவர்களுக்கு மட்டும் அனுப்பும். உங்கள் குழுவைப் பொறுத்தவரை முதலாவது குறியால் எப்போதும் யாராவது ஒருவருடைய தூக்கம் கெட வாய்ப்பிருப்பதால், அதை யார், எதற்காகப் பயன்படுத்தலாம் என்பதைத் தெளிவாகச் சொல்லிவிடுங்கள். ‘நாளை காலை’, ‘இன்று மாலைக்குள்’ போன்ற சொற்களும் மூன்று மண்டலங்களில் மூன்று பொருள் தரும். நேரத்தோடு மண்டலத்தையும் எழுதச் சொல்லுங்கள். 4/5 என்ற தேதியை ஒருவர் ஏப்ரல் 5 என்றும் இன்னொருவர் மே 4 என்றும் படிக்கக்கூடும் என்பதால் மாதத்தை எழுத்தில் எழுதுவது நல்லது.

முடிவுகளைச் சாட்டிலேயே விட்டுவைக்காதீர்கள். ஸ்லாக்கின் இலவசத் திட்டத்தில் கடைசி 90 நாட்களின் செய்திகளை மட்டுமே பார்க்க முடியும்; கட்டணத் திட்டம் வைத்திருந்தாலும், நூறு செய்திகளுக்கு நடுவே ‘சரி, அப்படியே செய்வோம்’ என்று ஒருவர் சொன்ன வரியை ஆறு மாதம் கழித்துத் தேடியெடுப்பது எளிதல்ல. விவாதம் ஒரே திரெட்டில், அதாவது ஒரு செய்தியின் கீழேயே தொடரும் பதில் வரிசையில், நடக்கட்டும். முடிவானதும், அந்த விஷயத்தை எழுப்பியவரே அதை இரண்டு வரியில் குழுவின் பொது ஆவணத்தில் பதிந்துவிடட்டும்.

இன்னொன்று உங்களைப் பற்றியது. வேலைக் கேள்விகளைப் பொதுச் சேனலில் கேட்கும்படி விதி எழுதிவிட்டு, நீங்களே ஒவ்வொருவரிடமும் தனிச் செய்தியில் விசாரித்தால், ஒரு வாரத்தில் எல்லோரும் தனிச் செய்திக்குப் போய்விடுவார்கள். எமோஜி, வாழ்த்து, வேடிக்கைப் படங்கள் ஆகியவற்றுக்கு விதி வேண்டாம். முந்தைய நாற்பதில் பாதி அவைதாம் என்று ஊகிக்கிறேன்.

கேள்வி: எங்கள் மேலாளர் இரவு 11 மணிக்குச் செய்தி அனுப்பிவிட்டு, ‘மறந்துவிடாமல் இருக்க அனுப்பினேன், காலையில் பார்த்தால் போதும்’ என்கிறார். பார்க்காமல் இருக்க முடியவில்லை.

பதில்: மேலாளரிடமிருந்து வரும் செய்தியைக் காலைவரை திறக்காமல் விடுவது எல்லோராலும் முடிகிற காரியமல்ல. ஸ்லாக்கிலும் மைக்ரோசாப்ட் டீம்ஸிலும் செய்தியை இப்போது எழுதிவைத்து, காலை 9 மணிக்குப் போய்ச் சேரும்படி அனுப்பும் வசதி இருக்கிறது. அதைப் பயன்படுத்த முடியுமா என்று அவரிடம் பணிவாகக் கேளுங்கள். உங்கள் பக்கத்தில், வேலை நேரம் முடிந்ததும் அறிவிப்புகளைத் தானாக நிறுத்திவிடும்படி செயலியை அமைத்துக்கொள்ளலாம். வேலை நேரத்துக்குப் பிறகான தொடர்பைச் சில நாடுகள் சட்டத்தாலேயே நெறிப்படுத்தியிருக்கின்றன. பிரான்சில் 2017 ஜனவரியிலும், ஆஸ்திரேலியாவில் 2024 ஆகஸ்டிலும் அத்தகைய சட்டங்கள் நடைமுறைக்கு வந்தன. நியாயமற்ற மறுப்பாக இல்லாதவரை, வேலை நேரத்துக்கு வெளியே வரும் செய்தியைப் பார்க்கவோ பதில் தரவோ மறுக்க ஆஸ்திரேலியச் சட்டம் பணியாளருக்கு உரிமை தருகிறது.

கேள்வி: நான் சுருக்கமாக எழுதினால் கோபமாக இருப்பதாக நினைக்கிறார்கள். தவறு யார் மீது?

பதில்: இருவர் மீதும் கொஞ்சம் இருக்கிறது. ஆங்கிலத்தில் பெரிய எழுத்துகளில் மட்டும் எழுதுவது கத்துவதுபோல் தோன்றும் என்று 1995இல் வெளியான ஆர்எஃப்சி 1855 என்ற இணைய நாகரிகக் குறிப்பே எச்சரித்திருக்கிறது. ஆகவே இந்தச் சிக்கல் புதிதல்ல. தமிழில் அந்த வேலையை மூன்று கேள்விக்குறிகளும் ‘ஏன் இன்னும் முடியவில்லை’ போன்ற வாக்கியங்களும் செய்கின்றன. ‘எதில் தடை இருக்கிறது?’ என்பதும் அதே அளவு சுருக்கமான கேள்விதான். ஆனால் அது குற்றம் சாட்டுவதில்லை. இருமுறை எழுதியும் புரிதல் ஏற்படவில்லை என்றால், மூன்றாவது முறை எழுதாமல் அழைத்துப் பேசிவிடுங்கள்.

கேள்வி: தனிச் செய்தியில் நாங்கள் எழுதுவதை நிறுவனம் படிக்க முடியுமா?

பதில்: பொதுவாக முடியும் என்றே வைத்துக்கொள்ளுங்கள். டீம்ஸில், உரிய அனுமதி பெற்ற அதிகாரிகள் தனி உரையாடல்களையும் தேடியெடுக்க வழி இருக்கிறது. ஸ்லாக்கின் சில கட்டணத் திட்டங்களிலும் உண்டு. நிறுவனம் பதிவுகளைப் பாதுகாத்து வைக்கும்படி அமைத்திருந்தால், நீங்கள் அழித்த செய்தியும் அங்கே இருக்கும். கடவுச்சொற்களை எந்தச் சாட்டிலும் அனுப்ப வேண்டாம். அதற்கென்றே உள்ள கடவுச்சொல் மேலாண்மைச் செயலியில் பகிர்ந்துகொள்ளுங்கள்.